அவசர கருத்தடை மாத்திரை: பயிற்சிக்கு வரும் பார்மசி பிள்ளைகளிடம் பார்த்தது, திருத்தியது

மருந்தாளுநர், மார்த்தாண்டம்:

டி.பார்ம் முடிக்க 500 மணி நேரப் பயிற்சி உண்டு. அதற்குக் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் அவசர கருத்தடை பற்றிக் கேட்டால் 'உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள்' என்ற பதில் டக்கென்று வரும். மாத்திரையில் இருக்கும் மருந்து லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி என்பதும் வரும். அது எப்படி வேலை செய்யுது என்று கேட்டால்தான் தடுமாற்றம். 'கருவைக் கலைக்கும்' என்று பலர் சொல்கிறார்கள். மற்ற எல்லாக் கோளாறும் இந்த ஒரு பதிலில் இருந்துதான் கிளம்புது. கலைக்கிற மாத்திரை என்று நம்பும் பிள்ளை கல்யாணம் ஆச்சா என்று கேட்கும், வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா என்று சொல்லும், கடையில் ஸ்டாக் இருந்தாலும் இல்லை என்று கையை விரிக்கும்.

முட்டை வெளிவருவதற்கு முன் எல்.எச். ஹார்மோன் திடீரென ஏறும். அந்த ஏற்றத்துக்கு முன்னால் மாத்திரை உள்ளே போனால் முட்டை வெளிவருவது சில நாள் தள்ளிப்போகும். விந்தணு பெண் உடம்புக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கலாம். தள்ளிப்போன முட்டை வரும்போது விந்தணு செத்திருக்கும். மாத்திரையின் வேலை இவ்வளவுதான். ஏற்றம் தொடங்கிய பிறகு போட்டால் பலன் இல்லை. கரு ஏற்கெனவே பதிந்திருந்தால் அதை ஒன்றும் செய்யாது, கலைக்கவும் செய்யாது. இதைப் பலகையில் ஒருமுறை வரைந்து காட்டினால் போதும், பிள்ளைகளின் தயக்கம் பாதி இறங்கிவிடும். 72 என்பது மூன்று நாள் ஆறப்போடக் கிடைத்த அவகாசம் இல்லை, ஏற்றத்தை முந்துவதற்கான ஓட்டம் என்பதும் புரியும்.

பயிற்றுநர், பாறசாலை:

சரியாச் சொன்னீங்க அண்ணே. எல்லைக்கு இந்தக் கேரளப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கணும். 2005 முதல் இந்த மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டாம். தமிழ்நாட்டிலும் தடை கிடையாது, ஆனாலும் பல கடைகளில் வைப்பதில்லை. களியக்காவிளையில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு இங்கே பஸ் பிடித்து வருகிறார்கள். வந்து நிற்கும்போது ஒரு நாள் போயிருக்கும். அப்படி வருகிறவரிடம் 'எத்தனை மணிக்கூர் ஆச்சு' என்பதைத்தான் முதலில் கேட்கணும், அதுவும் கவுண்டர் ஓரத்தில், தணிந்த குரலில். பெயரும் உறவும் நமக்குத் தேவையில்லை.

0.75 மி.கி இரண்டு மாத்திரையாக வரும் பாக்கெட் கையில் இருந்தால், 12 மணி நேர இடைவெளி என்று எழுதியிருந்தாலும் இரண்டையும் ஒரே வேளையில் போடச் சொல்லலாம். பலன் ஒன்றுதான். ராத்திரி ஒன்று போட்டுவிட்டுக் காலையில் மறந்துபோகும் ஆபத்து அதில் இல்லை. விழுங்கிய 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முழு டோஸ். அதற்குப் பிறகு வந்த வாந்தி என்றால் திரும்பப் போட வேண்டாம்.

பி.பார்ம் மூன்றாம் ஆண்டு மாணவி, நாகர்கோவில்:

சார், 72 தாண்டி வந்தால் 'இனி பிரயோஜனம் இல்லை' என்று சொல்லி அனுப்பலாமா? எங்க கிளாஸில் எல்லாரும் அப்படித்தான் படிச்சிருக்கோம்.

பயிற்றுநர், பாறசாலை:

அனுப்பாதே மோளே. பலன் குறையும், ஆனால் 120 மணி நேரம் வரை கொஞ்சம் இருக்கும். அதைவிட நல்ல வழி கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி. 5 நாளுக்குள் போட்டுக்கொண்டால் 100க்கு 99க்கு மேல் தடுக்கும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், 380ஏ வகை 10 வருஷம் வரை இருக்கும். உடல் எடை அதிகமுள்ள பெண்களுக்கு மாத்திரையின் பலன் குறையலாம் என்பதால் அவர்களுக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

செவிலியர், குழித்துறை பக்கம்:

வேறு மாத்திரை சாப்பிடுறீங்களா என்று பொதுவாகக் கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். டிபி மருந்து கடையில் வாங்குவது இல்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைப்பது. அதனால் அதை மருந்துக் கணக்கில் பலர் சேர்ப்பதே இல்லை. 'டிபிக்கோ, வலிப்புக்கோ மருந்து ஓடுதா' என்று பெயர் சொல்லிக் கேளுங்க. டிபிக்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாஸெபைன், எச்.ஐ.வி.க்கான எஃபாவிரென்ஸ் எல்லாம் கல்லீரல் நொதியைத் தூண்டி லெவோநார்ஜெஸ்ட்ரலை வேகமாகக் கரைத்துவிடும். மருந்தை நிறுத்தி 4 வாரம் வரைக்கும் அந்தத் தூண்டல் இருக்கும். இவர்களுக்குக் காப்பர் டி நல்லது. முடியாவிட்டால் 3 மி.கி, அதாவது 1.5 மி.கி இரண்டு ஒன்றாக. வலிப்பு மருந்தே ஆனாலும் வால்ப்ரோயேட் இந்தக் கூட்டத்தில் இல்லை.

அவசர மாத்திரை எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் தினசரி கருத்தடை மாத்திரையான மாலா-என் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கலாம். வெள்ளை மாத்திரை 4, 12 மணி நேரம் கழித்து இன்னும் 4. அட்டையின் கடைசியில் நிறமாக இருக்கும் 7 மாத்திரையும் வெறும் இரும்புச்சத்து, அதை எண்ணிக்கையில் சேர்த்தால் எல்லாம் வீண். இந்த முறையில் குமட்டல் அதிகம், பலனும் கொஞ்சம் குறைவு. வாந்திக்கான மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னால் போட்டுக்கொண்டால் தாங்கும்.

மருந்தாளுநர், மார்த்தாண்டம்:

அக்கா சொன்னது நோட்டில் எழுதி வைக்க வேண்டியது. இனி ஆபத்தான குழப்பத்துக்கு வருகிறேன். அன்வான்டட்-72 என்பது லெவோநார்ஜெஸ்ட்ரல். அன்வான்டட் கிட் என்பது மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி ஒன்றும் மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கும் அடங்கிய கருக்கலைப்புப் பெட்டி. பெயர் பாதி ஒன்றாக இருப்பதால் 'அந்தப் பெட்டி குடுங்க' என்று வருகிறவருக்கும் குழப்பம், அலமாரியில் எடுக்கும் பிள்ளைக்கும் குழப்பம். கிட்டை டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது. 9 வாரத்துக்குள்தான், அதுவும் கர்ப்பம் கருப்பைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். கருக்குழாயில் கரு இருந்தால் கிட் அதைக் கலைக்காது. ரத்தப்போக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று அந்தப் பெண் நம்பியிருப்பாள், குழாய் வெடித்தால் உயிர் போகும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 'உறவு எப்போது, கடைசி மாதவிடாய் எப்போது' என்று கேட்டாலே எது தேவை என்று தெரிந்துவிடும். நாள் தள்ளிப்போன பிறகு வருகிறவருக்கு அன்வான்டட்-72 கொடுத்து அனுப்புவதும் தப்புதான். அவருக்கு முதலில் வேண்டியது சிறுநீர் பரிசோதனை.

மாணவி, நாகர்கோவில்:

மாத்திரை போட்டு நாலு நாளில் ரத்தம் பட்டால் பீரியட்ஸ் வந்தாச்சு என்று எடுத்துக்கலாமா? அடிக்கடி போட்டால் குழந்தை பிறக்காது என்கிறார்களே?

செவிலியர், குழித்துறை பக்கம்:

இரண்டும் தவறு. இடையில் படும் ரத்தம் மாதவிடாய் இல்லை. அடுத்த மாதவிடாய் ஒரு வாரம் முன்னால் வரலாம், பின்னாலும் வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினாலோ, 3 வாரமாகியும் வராவிட்டாலோ காலை முதல் சிறுநீரில் பரிசோதனை. கூடவே அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு. மலட்டுத்தன்மை வராது. ஆனால் மாதாமாதம் இதையே நம்பினால் சுழற்சி குழம்பும், தினசரி மாத்திரை அளவுக்குப் பாதுகாப்பும் கிடைக்காது.

பிள்ளைகள் சொல்லாமல் விடுவது இன்னொன்று. முட்டை தள்ளிப்போனது, நின்றுபோகவில்லை. அதனால் மாத்திரைக்குப் பிறகு அதே மாதத்தில் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டால் ஆபத்து கூடுகிறது. அன்றைக்கே தினசரி மாத்திரை தொடங்கி 7 நாள் ஆணுறை, அல்லது அடுத்த மாதவிடாய் வரை ஆணுறை. வாங்க வருவது பல நேரம் ஆண்தான். அவரிடம் வாயால் சொன்னது அந்தப் பெண்ணிடம் போய்ச் சேராது. கவரின் மேல் விழுங்க வேண்டிய நேரம், வாந்தி வந்தால் என்ன செய்வது, 3 வாரம் கழித்து வரும் தேதி, இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்க. வந்திருப்பது சின்னப் பிள்ளை, முகத்தில் பயம், வற்புறுத்தல் நடந்த மாதிரித் தெரிகிறது என்றால் மாத்திரையைத் தாமதிக்காமல் கொடுத்துவிட்டு குழந்தைகள் உதவி எண் 1098, பெரியவர் என்றால் பெண்கள் உதவி எண் 181, இந்த எண்ணையும் அதே கவரில் எழுதுங்க. அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்பதையும் சொல்லி அனுப்புங்க.