குழந்தையைப் படமெடுக்க பிளாஷ் கூடவே கூடாதா?

பழைய ஸ்டூடியோ:
ஆறு மாதக் குழந்தையை வீட்டில் எப்படி நன்றாகப் படமெடுப்பது என்று ஒரு தகப்பனார் கேட்டார். அதற்கு ஜன்னலோரம் என்பவர் நேற்று நீளமாக உபதேசம் செய்திருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தை விட்டால் வேறு வெளிச்சமில்லை. பிளாஷ் அடித்தால் குழந்தையின் கண் கெடும். பிளாஷ் போடுகிறவனுக்குக் கலை தெரியாது. முதலாவது அவர் ரசனை, இருக்கட்டும். மூன்றாவது என்னை வைதது, போகட்டும். இரண்டாவது பச்சைப் பொய். குப்புற விழுந்த குழந்தை, மொட்டை போட்ட குழந்தை, பூ ஜடை தைத்த குழந்தை என்று கும்பகோணத்தில் ஒரு தலைமுறையையே பிளாஷ் போட்டு எடுத்தவன் நான். இன்று அவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒருவரும் சுவரைத் தடவிக்கொண்டு வரவில்லை.

ஜன்னலோரம்:
ஐயா, உங்கள் கல்லாப் பெட்டி மருத்துவச் சான்று ஆகாது. 2015இல் சீனாவில் மூன்று மாதக் குழந்தையின் முகத்தருகே பிளாஷ் அடித்து ஒரு கண்ணில் பார்வை போனதாகச் செய்தி வந்ததே, கும்பகோணத்துக்கு அது வரவில்லையா? என் மகளை நான் ஜன்னலருகே பாய் விரித்துத்தான் எடுக்கிறேன். வெயில் நேரே விழுந்தால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுவேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மோகோல் அட்டை வைத்தால் கன்னத்து நிழல் இளகிவிடும். நானும் தரையில் படுத்து அவள் கண் உயரத்துக்கு இறங்கிவிடுவேன். பிளாஷ் தேவையே இல்லை.

பழைய ஸ்டூடியோ:
அந்தச் செய்தியைக் கண் மருத்துவர்கள் அப்போதே மறுத்துவிட்டார்கள். மறுப்பு மட்டும் உங்கள் ஜன்னல் வழியாக வரவில்லை போலிருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழித்திரையைச் சோதிக்கும்போது மருத்துவர்கள் இமையை விலக்கிப் பிடித்து, நேரே ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கிறார்கள். பார்வையைக் காப்பாற்றவே அதைச் செய்கிறார்கள். பிளாஷின் மின்னலோ பெரும்பாலும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. அதையும் நான் முகத்தில் அடிப்பதில்லை, கூரையைப் பார்த்துத் திருப்பி அடிக்கிறேன். வெள்ளைக் கூரையில் பட்டு இறங்கும் வெளிச்சத்துக்கும் உங்கள் வேட்டி வெளிச்சத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்.

இரட்டையர் அம்மா:
இரண்டு பேருமே தவழாத குழந்தையைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் வீட்டில் இரண்டு வயதில் இரண்டு இருக்கிறார்கள். ஜன்னலருகே உட்கார வைத்தால் ஜன்னல் கம்பியில் ஏறுகிறார்கள். ஓடுகிற பிள்ளை மங்காமல் விழ ஷட்டர் 1/500 நொடிக்குள் திறந்து மூட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்த ஜன்னல் அந்த வெளிச்சத்தைத் தருகிறது?

ஐம்பது மி.மீ.:
சகோதரி, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200க்கு ஏற்றுங்கள். 50 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8 என்று அகலத் திறந்து வைத்தால் போதும். பிளாஷ் வேண்டாம்.

இரட்டையர் அம்மா:
சிறிய சென்சார் கேமராவில் அந்த லென்ஸ் 75 மி.மீ. போல நடந்துகொள்ளும், காட்சி குறுகிவிடும். எங்கள் கூடத்தில் அதை வைத்து இரண்டு பேரையும் ஒன்றாக எடுக்க வேண்டுமானால் நான் அடுப்படிக்குள் போய் நிற்க வேண்டும். எஃப் 1.8இல் ஒருத்தியின் கண் தெளிவாக இருக்கும், பக்கத்தில் இருப்பவள் மங்கிப் போவாள். அப்புறம் பாட்டி கேட்பார், சின்னவளை ஏன் ஒதுக்கினாய் என்று.

ஜன்னலோரம்:
லென்ஸ் கதை வேறு. பிளாஷ் கூடாது என்பதுதான் பேச்சு. இங்கிலாந்தின் பழைய படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் 1864இலேயே குழந்தைகளை எடுத்தார். பிளாஷா வைத்திருந்தார்? கண்ணாடிக் கூரை போட்ட கோழிக்கொட்டகையில், வானத்து வெளிச்சத்தில் எடுத்தார்.

பழைய ஸ்டூடியோ:
குழந்தை பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததே, அதையும் சொல்லுங்கள். அவருடைய படங்கள் மங்கலாக இருக்கின்றன என்று அவர் காலத்திலேயே குறை சொன்னார்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் தாயை நாற்காலி போல உட்கார வைத்து, மேலே துணியைப் போர்த்தி, மடியில் குழந்தையைப் பிடிக்கச் சொல்லி எடுத்தார்கள். உங்கள் வீட்டம்மா சம்மதித்தால் அப்படியே செய்யுங்கள்.

கண்டி வாசகன்:
கேமரன் அம்மையார் கடைசிக் காலத்தை இலங்கையில்தான் கழித்தார். 1879இல் இறந்ததும் இங்கேதான். கும்பகோணத்தாரும் ஜன்னல்காரரும் அதைச் சொல்லாமல் விட்டது ஏன்?

பழைய ஸ்டூடியோ:
பிளாஷுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கண்டி வாசகன்:
எங்கள் ஊர்ப் பேச்சு எடுத்தாலே உங்களுக்குச் சம்பந்தம் இருப்பதில்லை. முன்பு நடந்த கேமரா முக்காலி விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள்.

மெய்ப்புலம்:
சண்டைக்கு நடுவில் ஒரு பயனுள்ள செய்தி. பிளாஷ் போட்ட படத்தில் குழந்தையின் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். விழித்திரைப் புற்றுநோயின் அடையாளமாக அது இருக்கலாம். சில பெற்றோர் படத்தில் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஜன்னலோரம்:
பார்த்தீர்களா! பிளாஷுக்கும் கண் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அவரே சொல்லிவிட்டார்.

மெய்ப்புலம்:
நான் சொன்னது நேர்மாறானது.

பழைய ஸ்டூடியோ:
விடுங்கள் மெய்ப்புலம், அவர் படிப்பதற்கு முன்பே பதில் எழுதி வைத்திருப்பவர். நான் ஒன்று கேட்கிறேன். பூ ஜடை தைத்த பெண் குழந்தையைக் கண்ணாடி முன் நிறுத்தி, முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழ எடுத்திருக்கிறாரா? தாழம்பூ குத்துகிறது என்று அது சிணுங்கிக்கொண்டிருக்கும். அத்தை பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டுவாள்; குழந்தை கண்ணாடியை விட்டுவிட்டு அத்தையைப் பார்க்கும். கேமராவின் தலையில் பிளாஷ் வைத்தால் கண்ணாடிக்குள் அது வெடித்து நிற்கும். பக்கவாட்டில் பிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பும் குடை வைத்து, கோணம் பார்த்து, சிணுங்கல் அழுகையாவதற்குள் அடிக்க வேண்டும். வேட்டியைக் கட்டி மேகம் விலகட்டும் என்று காத்திருந்தால் பூ வாடிவிடும்.

ஐம்பது மி.மீ.:
அந்தப் படங்களில் எல்லாக் குழந்தையும் ஒரே முகமாக இருக்கும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைக்கூட கணினியில் அழித்துவிடுவீர்கள்.

பழைய ஸ்டூடியோ:
பொட்டை நான் அழிப்பதில்லை. அழிக்கச் சொல்லித் தாய்மார் கேட்கிறார்கள்.

இரட்டையர் அம்மா:
எந்தத் தாய் கேட்டாள்? என் பிள்ளைகளின் பொட்டை ஒரு ஸ்டூடியோக்காரர் கேட்காமலே துடைத்துக் கொடுத்தார். பாட்டி அந்தப் படத்தைச் சுவரில் மாட்டவே விடவில்லை.

பழைய ஸ்டூடியோ:
அவர் செய்ததற்கு நான் பதில் சொல்ல முடியாது அம்மா. பிளாஷ் பற்றிப் பேசுவோம்.

கேள்வி கேட்டவன்:
ஐயா, நான்தான் அந்தத் தகப்பன். என்னிடம் இருப்பது கைபேசி மட்டும்தான். அதில் பிளாஷ் போடலாமா, கூடாதா?

பழைய ஸ்டூடியோ:
தம்பி, பெரும்பாலான கைபேசிகளில் இருப்பது பிளாஷே இல்லை, சின்ன எல்இடி டார்ச். மின்னலாக அடித்து ஓயாது, மெதுவாக எரியும். குழந்தை கையை ஆட்டினால் கை கரைந்துதான் தெரியும். முகமும் தட்டையாகிவிடும். அதை அணைத்துவிட்டு வாசல் திண்ணையில் வைத்து எடுங்கள்.

ஜன்னலோரம்:
ஆக, பிளாஷ் வேண்டாம் என்கிறீர்கள். இதைத்தானே நான் நேற்றே எழுதினேன்!

பழைய ஸ்டூடியோ:
டார்ச் வேண்டாம் என்றேன். மேலே போய் ஒழுங்காகப் படியுங்கள். அதற்கு முன் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள்: கண் கெடும் என்று எந்த மருத்துவர் சொன்னார்?

ஜன்னலோரம்:
கெடாது என்று எந்த மருத்துவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்தார்?