அப்டேட்: வீட்டுக்காரரின் டயாலிசிஸ்

மூன்று மாதம் முன்பு, "இவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை" என்று எழுதியிருந்தேன். விசாரித்தவர்களுக்காக இது.

வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ் தொடர்கிறது. விடியற்காலையில் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆட்டோ. என் கிட்னியைக் கொடுக்க நினைத்தேன். பரிசோதனையில் எனக்கே சர்க்கரை என்று தெரிந்து வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்று ராத்திரி ஆண்டவரோடு சண்டைதான் போட்டேன். இப்போது நாத்தனார் முன்வந்திருக்கிறார், சோதனைகள் நடக்கின்றன. "1971லேயே கிட்னி மாற்றிய ஊரும்மா இது, பயப்படாதே" என்கிறார் சபையில் இருக்கும் ரிட்டயர்டு நர்ஸம்மா.

ஜெபம் இன்னும் சரியாக வரவில்லை. எனக்கும் சேர்த்து மற்றவர்கள் பண்ணுகிறார்கள்.

சபை அக்காமார் முதலில் அன்பாக இளநீரும் வாழைப்பழமும் கொண்டுவந்தார்கள். அவற்றில் இருக்கும் பொட்டாசியம் இவர் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று புரியவைக்க ஒரு மாதம் ஆனது (இளநீர் உடம்புக்குக் கெடுதல் என்றால் நம்ம ஊரில் யார் நம்புவார்கள்!). இப்போது அவர்களே காயைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, வெந்த தண்ணீரையும் கொட்டிவிட்டு, உப்பைக் குறைத்துச் சமைத்து, முறை போட்டு டிபன் கேரியரில் அனுப்புகிறார்கள். இவர் முகத்தைச் சுளிப்பார், மிச்சம் வைக்கமாட்டார்.

தூங்குமுன் அவர் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்தது) போட்ட இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். ரத்தம் விர்ரென்று ஓடுகிறது. "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.