குத்தகைதாரர்: பூஜ்யம்

மலட்டாறு:

இந்த வருஷம் உங்கள் துறையில் என்னென்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். நான் பொருளியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. ஆண்டறிக்கைக்குப் போனவை: இரண்டு கருத்தரங்கு, மூன்று பேர் நெட் (உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி, அதில் ஒருத்திக்கு ஜே.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகை, கிராம முகாம் ஒன்று. முகாமுக்கு அறிக்கையில் ஒரே வரி. எனக்குச் சொல்ல இருப்பது அது மட்டும்தான்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். கிளம்பும் முன் எங்கள் துறை மேடம் ஸ்லேட்டர் கதையைச் சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் மாணவர்கள் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்து ஊர்களைப் பார்த்து எழுதிவரச் சொன்னார். 1918இல் அது புத்தகமானது. அந்த ஊர்களில் ஒன்று எங்கள் மாவட்டத்து இருவேல்பட்டு. அங்கே 1930களில் பி.ஜே. தாமஸ் குழு, 1980களின் தொடக்கத்தில் குகனும் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் என்று ஆய்வாளர்கள் ஆள் மாற்றி ஆள் போய்க் கணக்கெடுத்திருக்கிறார்கள். கேட்டதும் எங்களுக்கும் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது.

ஊரில் இறங்கினோம், காலை பத்து மணி. பாதி வீடு பூட்டு. எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். இதைக்கூட யோசிக்காமல் 14 பக்க வினாப்பட்டியல் தயாரித்திருந்தோம்!

கிடைத்த முதல் வீட்டில் ஒரு அக்கா, "இத எழுதிக் குடுத்தா அந்த ஆயிரம் ரூபா வருமா?" என்றார். மகளிர் உரிமைத் தொகை. வராது என்றதும் முகம் சுருங்கியது. ஆனாலும் மோர் கொடுத்தார். 'குடும்பத் தலைவர் யார்?' என்ற கேள்விக்குப் பெண்கள் வீட்டுக்காரர் பெயரைத்தான் சொல்வார்கள் என்று சீனியர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவரோ, "நான்தான் குடும்பத் தலைவி, கார்டைப் பாரு" என்றார். வீட்டுக்காரர் திருப்பூரில். 2023 செப்டம்பரில் அந்தத் தொகை வரத் தொடங்கியதிலிருந்து அந்தச் சொல்லே வேறு மாதிரி ஒலிக்கிறது என்று எனக்குப் பட்டது. இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

கோயில் திண்ணையில் இருந்த பெரியவர்தான் எங்களை உலுக்கியவர். "நாலு வருசத்துக்கு முன்னாடியும் உங்கள மாரி புள்ளைங்க வந்து எழுதிக்கினு போச்சு. இன்னா எழுதிச்சுன்னு ஒருத்தரும் வந்து சொல்லல." மேடம் அன்று ராத்திரியே முடிவெடுத்தார்: முடிவுகளை எட்டுப் பக்கத் தமிழ்க் கையேடாக அச்சடித்து ஊரிலேயே படித்துக் காட்டுவது. இரண்டு மாதம் கழித்துப் போய்ப் படித்தோம். 'குத்தகைக்குப் பயிரிடுவோர்: 0' என்ற வரி வந்ததும் திண்ணை முழுக்கச் சிரிப்பு.

கங்கைகொண்டான்காரன்:

ஸ்லேட்டர் பட்டியலில் எங்க ஊரும் உண்டு! இப்ப சிப்காட்டும் மான் சரணாலயமுமா இருக்கிற இடம். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது ரெண்டு பேர் இப்படிக் கணக்கெடுக்க வந்தாங்க. தாத்தாகிட்ட, "எத்தனை ஏக்கர், எத்தனை குவிண்டால்?" தாத்தா வயலையும் கோட்டை விதைப்பாடுன்னுதான், அதாவது எத்தனை கோட்டை நெல் விதைக்கலாம்ங்கிற கணக்கிலதான் சொல்லுவாரு, நெல்லையும் கோட்டையிலதான் அளப்பாரு. ஒரு கோட்டைக்கு 21 மரக்கால்னு விளக்கினாரு. அந்தத் தம்பிகள் தலையை ஆட்டிட்டு ஏதோ எழுதிக்கிட்டாங்க. என்ன எழுதினாங்களோ, அந்த நெல்லையப்பருக்குத்தான் வெளிச்சம்.

சரி, சிரிச்சதுக்குக் காரணம் என்ன? பாதியில விட்டுட்டீங்களே.

மலட்டாறு:

பஸ் வந்துவிட்டது, அதுதான்.

திண்ணையில் இருந்தவர்களிலேயே ஆறேழு பேர் குத்தகைக்குப் பயிர் வைப்பவர்கள். கேட்டபோது எல்லாரும் 'இல்லை' என்றவர்கள்தான். எல்லாம் வாய்ப்பேச்சு, காகிதம் கிடையாது. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் பெயர் ஏறிவிட்டால் பிறகு ஆளைக் கிளப்ப முடியாது என்று நிலத்துக்காரருக்குப் பயம். அவர் பயந்தால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதே என்று இவருக்குப் பயம். டேப்லெட்டோடு வந்த எங்களைப் பார்த்து இருவருமே வாயை மூடிக்கொண்டார்கள். மத்திய அரசு விவசாயிகளுக்கு வருஷா வருஷம் தரும் பி.எம். கிசான் 6,000 ரூபாயும் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். சேற்றில் நிற்பவருக்கு இல்லை.

"குத்தகைன்னு கேட்டா யாரு சொல்வா? இந்தப் போகத்துக்கு யாரு நெலத்துல நட்டேன்னு கேளு" என்றார் அதே பெரியவர். கேள்வியை அப்படியே மாற்றினோம். அட்டவணையைக் கிழித்துப் போட்டுப் புதிதாகப் போடுகிறோம். என்னைக் கேட்டால் துறையின் இந்த வருடச் சாதனை இதுதான், ஆனால் ஆண்டறிக்கைப் படிவத்தில் இதற்கு இடம் இல்லை. 'பயனாளிகள் எத்தனை பேர்?' என்றுதான் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எங்கள் வகுப்பு எண்ணிக்கையைப் போடலாம் என்றேன், அலுவலகத்தில் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் மறுபடி போகிறோம். சொல்லிவைக்கப் பெரியவருக்கு போன் செய்தேன்.

"வாங்க வாங்க. இந்த வாட்டியாவது சாயங்காலமா வாங்க."