இழை: ஹைப்பர்விட்டமினோசிஸ் தமிழில் என்ன? (வெள்ளி மாலைக்குள் வேண்டும்)

தண்டையார்பேட்டை மருந்தாளுநர், செவ்வாய் இரவு:

குழுமத்தாருக்கு வணக்கம். ஞாயிறன்று காசிமேட்டில் மருத்துவ முகாம் நடக்கிறது. சத்து மாத்திரைகளை அளவின்றி விழுங்குவதால் வரும் கேடுகள் பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை அடிக்கிறோம். வெள்ளி மாலைக்குள் மூலக்கொத்தளத்து அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டு சொற்களில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒன்று, ஹைப்பர்விட்டமினோசிஸ், அதாவது உடலில் வைட்டமின் மிகுந்துபோகும் நிலை. மற்றொன்று, வைட்டமின் பி6 மிகுந்துபோவதால் கை கால்களில் வரும் நரம்புக் கோளாறான நியூரோபதி. வரைவில் 'உயிர்ச்சத்து மிகைமை', 'நரம்புத் தளர்ச்சி' என்று போட்டிருக்கிறேன். இரண்டாவதைப் படித்துவிட்டு என் கடைப் பையன் சிரிக்கிறான்.

இராயபுரம் மருத்துவர், செவ்வாய் இரவு:

சிரிக்காமல் என்ன செய்வான்? நரம்புத் தளர்ச்சி என்றால் ஆண்மைக் குறைவு என்று மின்சார ரயில் பெட்டிச் சுவரொட்டிகள் ஊருக்கே பாடம் நடத்தி முடித்துவிட்டன. மருத்துவப்படியும் 'தளர்ச்சி' பிழை. பி6, அதாவது பைரிடாக்சின், மிகுந்தால் தாக்கப்படுவது முதுகுத்தண்டை ஒட்டிய உணர்நரம்பு முடிச்சுகள். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் பெரும்பாலும் தப்பிவிடும். பலம் அப்படியே இருக்கும். தன் பாதம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாமல் போகும். கண் திறந்திருக்கும்வரை நடப்பார். முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடுவார்.

1983இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்த ஏழு நோயாளிகள் நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரை விழுங்கியவர்கள். உடலுக்குத் தேவையோ ஏறக்குறைய 2 மில்லிகிராம். அவ்வளவு விழுங்கினால்தான் ஆபத்து என்று எழுதிவிடாதீர்கள். மிகக் குறைந்த அளவையே நெடுங்காலம் உட்கொண்டவர்களிடமும் இது காணப்பட்டதால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உச்சவரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்தது. அமெரிக்கா இன்னும் 100இல் நிற்கிறது.

வியாசர்பாடி புலவர், புதன் காலை:

மிகுதிக்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. 'உறு தவ நனி' மூன்றும் மிகுதி செய்யும் என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லிவிட்டார். நன்னூலார் 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்று ஆறாக விரித்தார். 'தவச்சத்து' என்றால் தவசத்தை, தானியத்தை, நினைப்பார்கள். 'நனிசத்து' குழந்தைகள் மாவு விளம்பரம் போல ஒலிக்கிறது. எஞ்சுவது 'கழி'. கழிபேருவகை என்கிறோம் அல்லவா? 'கழிசத்து' என்று வைக்கலாம். 'உறு, நனி, கழி'க்குப் பின் வல்லினம் மிகாது என்பதை அச்சகத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர், புதன் காலை:

ஐயா, எங்கள் பக்கம் கழி என்றால் எண்ணூர்க் கழிமுகம். அதை விட்டால் கழிவு, கழிச்சல். 'கழிசத்து' என்று அடித்தால் வயிற்றுப்போக்குக்கான துண்டறிக்கை என்று வாங்கிப் போவார்கள். கழிசடை வேறு நினைவுக்கு வருகிறது.

பெரம்பூர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், புதன் மதியம்:

எல்லாரும் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். 'சத்து' வடசொல். 'உயிர்ச்சத்து' அதைவிட மோசம். 1912இல் காசிமிர் ஃபங்க் என்ற வேதியியலாளர் இவை உயிருக்கு வேண்டிய அமீன்கள் (நைட்ரஜன் கொண்ட ஒரு வகை வேதிப்பொருள்கள்) என்று எண்ணி 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார். எல்லாம் அமீன் அல்ல என்று தெரிந்ததும் 1920இல் ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை மட்டும் வெட்டிவிட்டு அதே பெயரோடு நடந்தார்கள். அவர்களுடைய பழைய எண்ணத்தை நாம் மொழிபெயர்த்துச் சுமக்கிறோம். 'ஊட்டம்' என்று நம் சொல் இருக்கிறது. ஊட்டமிகை என்று வையுங்கள்.

கொருக்குப்பேட்டை செவிலியர் பயிற்றுநர், புதன் இரவு:

ஊட்டமிகை, மிகையூட்டம், மிகைச்சத்து எதுவானாலும் என் மாணவிகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'மிகை நல்லதுதானே, மேடம்?' சத்து அதிகம் என்பது இங்கே பாராட்டு. முருங்கைக்கீரைக்கும் கேழ்வரகுக்கும் அப்படித்தான் சொல்கிறோம். கெடுதல் சொல்லுக்குள்ளேயே தெரிய வேண்டும்.

'நரம்பு'க்கும் ஒரு எச்சரிக்கை. வார்டில் நரம்பு ஊசி என்றால் ரத்த நாளத்தில் போடும் ஊசி. 'நரம்பு கிடைக்கவில்லை' என்று நாங்கள் தேடுவது நாளத்தை. அதனால் நோயாளிகள் சொல்லும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: மதமதப்பு. கால் மரத்துப்போகிறது, சுரணை இல்லை, செருப்பு கழன்று விழுந்தது தெரியவில்லை என்று வருகிறவர்களுக்கு வேறு சொல் தேவைப்படுவதே இல்லை.

துண்டறிக்கையில் வைட்டமின் டி பற்றி இரண்டு வரி கட்டாயம் சேருங்கள். 60,000 யூனிட் பொட்டலத்தை வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தால் நாளுக்கு ஒன்றாகக் கலக்கிக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று போகும்.

வியாசர்பாடி புலவர், வியாழன் அதிகாலை:

நரம்பு நாளத்தையும் குறிப்பது வார்டு வழக்கு மட்டுமன்று. புறநானூறு 278இல் 'நரம்பெழுந்து உலறிய' முதியவளின் தோளில் புடைத்து நிற்பது ரத்த நாளம்தான். யாழில் கட்டியதும் நரம்பு. இத்தனை பொருள் சுமக்கும் சொல்லை நாம் ஒரு முகாமுக்காகத் திருத்த முடியாது.

இரவு தூக்கம் வரவில்லை, வேறொன்று தோன்றியது. மாத்திரை என்றால் அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை மூன்றாக நீண்டால் அளபெடை. உயிர்ச்சத்து மாத்திரை அளவு கடந்தால் 'உயிரளபெடை'! இதைவிடப் பொருத்தமாக ஒரு கலைச்சொல் தானாக வந்து அமையுமா?

பெரம்பூர், வியாழன் காலை:

மாத்திரையும் வடசொல்தான் என்பதை இப்போதைக்கு விடுகிறேன். செய்யுளில் ஓசை குறையும் இடத்தை நிரப்பத்தான் அளபெடை வருகிறது. அப்படியானால் அது குறைபாட்டுக்குக் கொடுக்கும் மருந்து. மிகையால் வரும் நோய் ஆகாது. உங்கள் இலக்கணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது.

வியாசர்பாடி புலவர், வியாழன் காலை:

தம்பி இன்னிசை அளபெடையை மறந்துவிட்டார். 'கெடுப்பதூஉம்' என்பதில் ஓசை எங்கே குறைகிறது? 'கெடுப்பதும்' என்றாலே தளை, அதாவது சீர்களுக்கு இடையிலான கட்டு, தட்டாது. குறையே இல்லாத இடத்தில் இனிமைக்காக மட்டும் நீட்டுவது அது. ஒரு குறையும் இல்லாதவர் தெம்புக்கு இருக்கட்டும் என்று மாத்திரை போட்டுக்கொள்வதும் அதுவே. மருத்துவர் அம்மா தீர்ப்புச் சொல்லட்டும்.

இராயபுரம் மருத்துவர், வியாழன் மதியம்:

ஐயா, ரசித்தேன். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை தேர்வில் உயிரளபெடைக்கு எடுத்துக்காட்டாகச் சிறுநீரகக் கல் என்று எழுதினால் நீங்கள்தான் மதிப்பெண் போட வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. வடசென்னையில் காசநோய் மருந்து சாப்பிடுவோர் நிறைய இருக்கிறார்கள். அதில் உள்ள ஐசோனியாசிட் உடலின் பி6ஐக் குறைத்துவிடும். குறைந்தாலும் இதே மதமதப்புத்தான் வரும். அதைத் தடுக்கவே சிறு அளவு பைரிடாக்சின் சேர்த்துக் கொடுக்கிறோம். பி6 நரம்பைக் கெடுக்கும் என்று மொட்டையாக அச்சடித்தால் முதலில் அந்த மாத்திரையைத்தான் குப்பையில் போடுவார்கள். நீரிழிவு, பி12 குறைவு இவற்றாலும் கால் மரத்துப்போகும். ஆகவே மதமதப்பு என்பது அறிகுறியின் பெயராக இருக்கட்டும், நோயின் பெயராக வேண்டாம். 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று புலவர் ஐயா இன்னும் எடுத்து வீசாதது எனக்கு வியப்பு.

'நஞ்சு' என்று யாரும் முன்மொழிவதற்குள் மறுத்துவிடுகிறேன். எல்லாக் கேடும் நஞ்சு அல்ல. பின்லாந்தில் புகைபிடிப்போருக்கு, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கூடியது. அது 1994இல் வெளியானது. முடிக்காக விழுங்கும் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் உடலைத் தொடாமலே ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிறழச் செய்கிறது. மீன் ஈரல் எண்ணெயோடு வைட்டமின் ஏ மாத்திரையும் சேர்ந்தால் கர்ப்பிணியின் கருவுக்கு ஆபத்து. இத்தனையையும் அடக்கும் சொல் 'கேடு'. நியூரோபதிக்கும் 'உணர்நரம்புக் கேடு' என்று வையுங்கள்.

வியாசர்பாடி புலவர், வியாழன் மாலை:

அந்தக் குறளை நானேதான் அடக்கி வைத்திருந்தேன். அது வளி முதலான மூன்றை, அதாவது வாதம், பித்தம், கபத்தைப் பற்றியது. மாத்திரைக்கு இழுத்தால் பெரம்பூர்க்காரர் சும்மா இருப்பாரா?

மட்டுறுத்துநர், வெள்ளி காலை:

அச்சகம் காத்திருக்கிறது. எண்ணூர்க் கழியின் பெயர்க்காரணம் பற்றி வந்த மடல்களைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். களத்தில் இருப்பவை: சத்துமிகைக் கேடு, ஊட்டமிகைக் கேடு, உயிரளபெடை. மதியத்துக்குள் சொல்லுங்கள். நரம்புக்கு 'உணர்நரம்புக் கேடு' என்று மருத்துவர் தந்ததை யாரும் எதிர்க்கவில்லை, களைப்பாகவும் இருக்கலாம்.

கொருக்குப்பேட்டை செவிலியர் பயிற்றுநர், வெள்ளி காலை:

சத்துமிகைக் கேடு. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் 'நல்லதுதானே' என்று கேட்கவில்லை.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர், வெள்ளி மாலை:

கொடுத்துவிட்டேன். தலைப்பில் கலைச்சொல் இல்லை. 'சத்து மாத்திரை அளவு மீறினால்' என்றுதான் இருக்கிறது. உள்ளே இரண்டாம் பத்தியில் 'சத்துமிகைக் கேடு', நான்காவதில் 'உணர்நரம்புக் கேடு', பக்கத்தில் மதமதப்பு. காசநோய் மருந்து சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் பி6ஐ நிறுத்தக் கூடாது என்பது கட்டம் கட்டிய வரி. அனைவருக்கும் நன்றி.

பெரம்பூர், வெள்ளி இரவு:

சத்துமிகை அரைத்தமிழ். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் ஊட்டமிகை என்று மாற்ற இடம் விட்டு வையுங்கள்.

வியாசர்பாடி புலவர், வெள்ளி இரவு:

துண்டறிக்கையின் பின்பக்கம் வெற்றாக இருக்கிறதா?