டியூப் லைட்டில் பெயர் எழுதியவர்கள்: நெல்லைப் பக்கம் நீங்கள் பார்த்தது என்ன?

முக்கூடல் பக்கம்:

வட்டியிலோ கூலியிலோ எடையிலோ ஏழை வயிற்றில் அடித்த ஆளை உங்கள் ஊர் எப்படி நடத்தியது? கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ அவரிடம் என்ன சொன்னது? கேள்விப்பட்ட கதை வேண்டாம், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ஆள் பெயர், கடைப் பெயர் எதுவும் வேண்டாம். நானே ஆரம்பிக்கிறேன்.

அம்மா பீடி சுற்றினாள். முக்கூடல், ஆலங்குளம், கடையம், வீரவநல்லூர் பக்கம் இதைச் சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் "பீடி சுத்தத் தெரியுமா, அட்டை இருக்கா" என்று கேட்ட காலம் உண்டு. அட்டை என்றால் பீடித் தொழிலாளி என்பதற்கான அட்டை. மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற இலையைக் கடையில் எடை போட்டுத் தருவார்கள், கூடவே புகையிலைத் தூளும் நூலும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை என்று ஒரு கணக்கு. கணக்கு சரியாக இருக்கும், இலைதான் சரியாக இருக்காது. பாதி ஓட்டை, பாதி பழுப்பு. நனைத்து வெட்டினால் எண்ணூறுகூடத் தேறாது. மீதிக்குச் சொந்தக் காசில் இலை வாங்க வேண்டும். வெளியே இலை விற்றவர் அதே கடைக்காரரின் மச்சினன் என்பது ஊருக்கே தெரியும்.

சாயங்காலம் சொளகோடு (முறத்தோடு) போய் வரிசையில் நின்றால் கணக்குப்பிள்ளை கட்டைப் பிரிப்பார். 25 பீடி ஒரு கட்டு, ஆயிரத்துக்கு 40 கட்டு. வாய் சரியாக மடக்கவில்லை, தூள் தொளதொள என்று இருக்கிறது என்று எடுத்து ஓரமாகப் போடுவார். அதற்குக் கூலி கிடையாது. சரி, கழித்த பீடியையாவது கையில் தருவார்களா என்றால் அதுவும் கிடையாது. "அது எங்க போகுது அண்ணாச்சி?" என்று கேட்ட பெண்ணுக்கு மறுநாள் இலை கிடைக்காது. அதனால் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கடைக்காரர்தான் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பெரிய கை. வில்லுப்பாட்டுச் செலவு அவருடையது, மறுநாள் மதியச் சாப்பாடு அவருடையது, பரிவட்டமும் அவர் தலைக்குத்தான். கோயிலில் அவர் வாங்கிக் கொடுத்த டியூப் லைட்டில் 'உபயம்' என்று ஆரம்பித்து அப்பா பெயர், தாத்தா பெயர் வரை எழுதி, வெளிச்சம் வர இடம் மிச்சம் இல்லை. அம்மா பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை ஊற்றிக்கொண்டே பக்கத்தில் இருந்த சித்தியிடம் சொன்னாள்: "இதுல என் கழிவு பீடி எத்தன கட்டு இருக்கோ, நல்லா குடி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அந்தப் பாயசம் இறங்கவில்லை. அந்த வருஷம் கொடை வரி வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டார்களே, அதை பீடிக் கூலியில் பிடித்துக்கொண்டதும் இதே கணக்குப்பிள்ளைதான்.

மேலப்பாளையம் வாசகி:

எங்கள் தெருவில் நடந்ததை எழுதுகிறேன். வட்டி ஹராம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பேங்கில் தானாக ஏறுகிற வட்டியைக்கூட எடுத்துப் பொதுக் கழிப்பறை கட்டக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பள்ளிவாசலுக்கு அந்தக் காசு ஆகாது என்பார்கள். இவ்வளவு பேணுதல் உள்ள தெருவில்தான் ஒரு மனிதர் நகையை வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுத்தார். வட்டி என்று சொல்ல மாட்டார். "வாடகை" என்பார். நகையைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு வாடகையாம்.

வாப்பாவுக்கு ஆபரேஷன் என்று உம்மா தன் சங்கிலியைக் கொடுத்துப் பணம் வாங்கினார். வாடகை கட்டிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் முடியாமல் போனது. சங்கிலி கைவிட்டுப் போனது. வாங்கிய பணத்துக்கு மேல் கட்டியிருந்தோம் என்பது நோட்டைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பிறகு அவர் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். போகிறவர்கள் வீடு வீடாகப் போய் "ஏதாவது தப்பு நடந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பது வழக்கம். எங்கள் வீட்டுக்கும் வந்தார். புது வெள்ளை வேட்டி, கையில் தஸ்பீஹ் மணி. உம்மா முக்காடைச் சரிசெய்துகொண்டு வாசலிலேயே நின்று, "பொறுத்துக்கிடுதேன் காக்கா. அந்தச் சங்கிலிய எப்ப தருவீங்க?" என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். பால் கணக்குக் கேட்பதைப் போலக் கேட்டார். அடியார்களுக்குள்ள கடனை, அதாவது சக மனிதருக்குப் பட்ட கடனை, அடியார்களிடம்தான் தீர்க்க வேண்டும், ஹஜ் அதை அழிக்காது என்று ஆலிம்கள் பயானில், அதாவது மார்க்கச் சொற்பொழிவில், சொல்வதை உம்மா காலமெல்லாம் கேட்டிருக்கிறாரே.

அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். கப்பலோ விமானமோ ஏறுவதற்குள் மகனிடம் ஒரு தொகை கொடுத்தனுப்பினார். சங்கிலி விலையில் பாதிதான் இருக்கும். உம்மா வாங்கிக்கொண்டார்.

இதில் எனக்கு இன்றும் ஆறாதது தெருப் பெண்கள் பேசியதுதான். "ஹஜ்ஜுக்குப் போற மனுஷனைப் போய் வாசல்ல நிறுத்திக் கேட்டாளே" என்று உம்மாவைத்தான் குறை சொன்னார்கள். சங்கிலியை எடுத்தவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வந்தபின் அவருக்கு "ஹாஜியார்" பட்டம்.

ஒன்று சொல்ல வேண்டும். சில வருஷம் கழித்து எங்கள் ஜமாஅத்தில் இளைஞர்கள் சேர்ந்து பைத்துல்மால் என்கிற பொது நிதி வழியாக வட்டியில்லாக் கடன் கொடுக்க ஆரம்பித்தார்கள். தொகை சின்னது. ஆனால் பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் ஃபீஸ் கட்ட அது போதும்.

பாளை மார்க்கெட்:

எல்லோரும் ஒரு பக்கத்தையே எழுதுகிறீர்கள். என் அப்பா வட்டிக்குக் கொடுத்தவர். அதிகாலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் நின்று, காய்கறி எடுக்க வருகிற அம்மாக்களுக்கு 900 கொடுத்து, சாயங்காலம் 1000 வாங்குவார். அநியாயம் என்பீர்கள். அந்த நேரத்துக்கு எந்த பேங்க் திறந்திருக்கிறது? ரேஷன் கார்டு மட்டும் வைத்திருக்கும் பொம்பளைக்கு எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்? அப்பா கேட்டது முகத்தைத்தான், பத்திரம் கேட்கவில்லை. நூறு பேருக்குக் கொடுத்தால் பத்து பேர் ஓடிப்போவார்கள், அந்த நஷ்டமும் அந்த வட்டிக்குள்தான் இருந்தது. இப்போது குழு லோன் என்று வந்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்களை அவள் வாசலில் உட்கார வைக்கிறார்களே, அதற்கு ரசீதும் சீலும் இருப்பதால் யாரும் கந்துவட்டி என்பதில்லை.

சமூகம் எங்களுக்கு என்ன செய்தது என்று கேட்டீர்களே, சொல்கிறேன். என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஒரு வீட்டில் "வட்டிக் காசு நம்ம வீட்டுக்குள்ள வர வேண்டாம்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவரின் அண்ணனே அப்பாவிடம் கடன் வாங்கியவர். அப்பா இறந்த அன்று வந்த கூட்டம் பெரிய கூட்டம். அழ வந்தவர்கள் பாதி, நோட்டு யார் கைக்குப் போயிருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் பாதி. நான் அந்தத் தொழிலை எடுக்கவில்லை. எடுத்தவர்கள் எல்லாம் பாவி என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

கொக்கிரகுளம் வக்கீல்:

பாளை மார்க்கெட் அண்ணாச்சி சொல்வதில் பேங்க் பற்றிய பகுதி உண்மை. ஆனால் 900 கொடுத்து அன்றே 1000 வாங்குவது ஒரு நாளைக்குப் பதினோரு சதவீதத்துக்கு மேல். காய்கறி விற்ற அம்மாவின் ஒரு நாள் லாபமே அதுதான். அதைத் தினமும் எடுத்துவிட்டால் அவர் மறுநாளும் 900-க்கு வந்து நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஓடிப்போன பத்து பேருக்காக ஓடாத தொண்ணூறு பேர் கட்டினார்கள் என்றுதானே அர்த்தம்?

கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-ல் வந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டவை. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். பலருக்குத் தெரியாத ஒன்று: அசலையும் அரசு அனுமதித்த வட்டியையும் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்தது என்று பதிவு செய்யச் சொல்லிக் கடன் வாங்கியவரே மனுப் போடலாம். நான் பார்த்த வரையில் அப்படி யாரும் வருவதில்லை. கோர்ட்டில் கட்டக் கையில் காசு இருந்தால் அவர் ஏன் கந்துவட்டிக்குப் போகிறார்?

23 அக்டோபர் 2017, திங்கட்கிழமை. குறைதீர்க்கும் நாளில் இங்கே கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளியும் மனைவியும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளும் தீயில் போனார்கள். கந்துவட்டிக் கொடுமை என்று ஏற்கெனவே பல முறை மனுக் கொடுத்திருந்தவர்கள். அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் வாசலில் போலீஸ் நின்று மனுக் கொடுக்க வருகிறவர்களின் பையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தது. தண்ணீர் பாட்டிலை மோந்து பார்ப்பார்கள். மனுவை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

அம்பை (அம்பாசமுத்திரம்):

அதே கொக்கிரகுளம்தான். 23 ஜூலை 1999-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப் பயந்து தாமிரபரணியில் இறங்கி 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை ஒன்று உட்பட. கூலி உயர்வு கேட்டதற்கும், ஜெயிலில் இருந்தவர்களை விடச் சொன்னதற்கும். ஜூலை வந்தால் கட்சிக்காரர்கள் ஆற்றில் மலர் தூவுவார்கள். என் மாமா மலையில் இலை பறித்தவர். 2024-ல் எஸ்டேட் கம்பெனிக்காரர்கள் விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டினார்கள். விருப்பம் யாருடையது என்று மாமா கேட்டார். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

திசையன்விளைக்காரன்:

எங்கள் பக்கம் பனை. அப்பா பனையேறி. பங்குனியில் பனை மரம் பாளை விட ஆரம்பித்தால் ஆடி வரை காலையும் மாலையும் ஏற வேண்டும். மரம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு. சீசனுக்கு முன்னாலேயே வீட்டில் அரிசி இருக்காது, அப்போது யாவாரி (வியாபாரி) வந்து முன்பணம் கொடுப்பார். கொடுக்கும்போது தெய்வம் மாதிரி இருப்பார். அதற்குப் பிறகு கருப்பட்டியை வேறு யாருக்கும் விற்க முடியாது. விலை அவர் சொல்வது, எடைக்கல் அவருடையது, "ஈரமா இருக்கு" என்று கழிப்பதும் அவர்தான். ஐப்பசி, கார்த்திகையில் அதே கருப்பட்டி கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தால் அப்பாவுக்குத் தலை சுற்றும். அதில் பாதிக்கு மேல் சீனிப்பாகு கலந்தது வேறு. அதைத் தின்றவர்கள் பனையேறியைத் திட்டினார்கள்.

எங்கள் யாவாரி சர்ச் சபையில் பெரிய ஆள். அசனம் என்கிற சபை விருந்துக்கு அரிசி மூட்டை அவர் வீட்டிலிருந்து வரும். ஒரு வருஷம் புதிதாக வந்த ஐயர் (சபைப் போதகர்) அறுப்பின் பண்டிகையில் பைபிளில் யாக்கோபு நிருபத்தை எடுத்தார். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடும் என்கிற இடம். பெயர் சொல்லவில்லை. ஆனால் "எடைக்கல்லும் கூக்குரலிடும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தார். பெண்கள் பக்கம் யாரோ சத்தமாகவே "ஆமென்" என்றார்கள். அடுத்த அசனத்துக்கு அரிசி மூட்டை வரவில்லை. கமிட்டி கூடி, ஐயருக்கு மாற்றல் கேட்டு எழுதியது. மாற்றலும் வந்தது. அப்பா அந்தக் கமிட்டிக் கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை, முன்பணம் பாக்கி இருந்தது.

எங்கள் ஊரிலேயே அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற நிழல் தாங்கல் ஒன்று உண்டு. காணிக்கை போடாதீர்கள், காவடி தூக்காதீர்கள் என்று அய்யா வைகுண்டர் சொன்னதை அங்கே அடிக்கடி சொல்வார்கள். திருவிதாங்கூரில் ஏழைகள் தலைக்கு வரி கட்டிய காலத்தில் வந்தவர், அதனால்தான் அந்தப் பேச்சு. அந்த யாவாரியின் தம்பி அங்கே போகிறவர். அவர் முன்கூடம் கட்டிக் கொடுக்கிறேன் என்றபோது அங்கிருந்த பெரியவர், "கட்டுங்க, பேர் எழுத இடம் இல்ல" என்றார். தம்பி கட்டவில்லை. இப்போது அங்கேயும் கல்வெட்டு வந்துவிட்டது என்று கேள்வி, நான் ஊருக்குப் போய் நாளாகிறது.

முக்கூடல் பக்கம்:

மேலப்பாளையம் அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தம்மா கேட்டுட்டா, நான் கேக்கல" என்றாள். வக்கீல் அண்ணாச்சி, ஒரு சந்தேகம். அம்மா இப்போது சுற்றுவதில்லை. தங்கச்சி சுற்றுகிறாள், வேறு கடை, அதே ஓட்டை இலை. இதற்கு எங்கேயாவது போய்க் கேட்க முடியுமா?

கொக்கிரகுளம் வக்கீல்:

முடியும். முன்பு 1966 பீடித் தொழிலாளர் சட்டம், 39-ம் பிரிவு இருந்தது. இலை கொடுப்பதில் தகராறு, பீடி கழிப்பதில் தகராறு, கழித்த பீடிக்குக் கூலி, மூன்றும் அதில் வந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. தொழிலாளர் துறையில் எழுதிக் கொடுக்க வேண்டும். பாஸ் புத்தகத்தையும், தந்த இலையில் கொஞ்சத்தையும் எடுத்துக்கொண்டு தங்கச்சியை வரச் சொல்லுங்கள். அட்டை அவர் பெயரில்தானே?

முக்கூடல் பக்கம்:

இல்லை அண்ணாச்சி. மதினி பெயரில் இருக்கிறது. பி.எஃப். எல்லாம் அவர்களுக்குத்தான் ஏறுகிறது. சுற்றுவது தங்கச்சி.

கொக்கிரகுளம் வக்கீல்:

அப்படியென்றால் மதினிதான் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வருவார்களா?

முக்கூடல் பக்கம்:

தங்கச்சி அவர்களிடம் கேட்க மாட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கிறேன்.