ஹார்ட் பைபாஸ்ல நெஞ்சு ரத்தக்குழாய் எடுத்து தைக்கறது பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க
அப்பாவுக்கு அடுத்த வாரம் பைபாஸ். அடைப்பத் தாண்டி ரத்தம் போக கால் நரம்புதான் எடுத்து தைப்பாங்கன்னு நெனச்சேன், ஆனா டாக்டர் ஒரு பேப்பர்ல நெஞ்செலும்ப வரைஞ்சு, அதுக்கு ஒரு விரல் தள்ளி ரெண்டு பக்கமும் விலாவுக்கு உள்பக்கமா ஒவ்வொரு ரத்தக்குழாய் இறங்குது, இடது பக்கத்தோட கீழ்முனைய வெட்டி இதயத்து முன்பக்கக் குழாய்ல தைப்போம், மேல்முனை காறை எலும்புக்கு அடில போற பெரிய குழாய்லயே ஒட்டியிருக்கும்னாரு. கால் நரம்ப விட ரொம்ப வருஷம் அடைக்காம ஓடுமாம், சரி. ஆனா நெஞ்செலும்புக்கே ரத்தம் குடுக்கறது அந்தக் குழாய்தானே? அப்பாவுக்கு 20 வருஷமா சுகர், ரெண்டு பக்கமும் எடுத்தா எலும்பு ஆறறது கஷ்டம்னு வேற சொல்லிட்டாரு, அம்மா அதுலேர்ந்து தூங்கல. சுகரோட இத பண்ணிக்கிட்டவங்க வீட்ல யாராவது இருந்தா, ஒண்ணு எடுத்தாங்களா ரெண்டா, நெஞ்சுப் புண் ஆற எத்தன நாளாச்சு, டாக்டர்ட்ட இன்னும் என்ன கேட்டு வைக்கணும்னு சொல்லுங்க ப்ளீஸ்.