சேர்க்கையொளி: நீர்த்தாவரத் தொட்டிக்கு வேண்டிய ஒரு சொல்

நீர்த்தாவரங்கள் வளரும் மீன்தொட்டிக்கு விளக்கு தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் வாட், லூமன் என்னும் இரண்டு எண்களையே நோக்குகின்றனர். வாட் என்பது விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்திறன். லூமன் என்பது மனிதக் கண்ணின் உணர்வுக்கு ஏற்பக் கணக்கிட்ட ஒளியின் அளவு. நம் கண் 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை மிகுதியாக உணர்கிறது. பச்சையமோ நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக உறிஞ்சுகிறது. ஆகவே லூமன் அளவில் ஒத்த இரு விளக்குகள் செடிக்கும் ஒத்த பயன் தரும் என்று கொள்ள இயலாது. செடிக்குப் பயன்படும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் வரையான அலைநீளங்களில் அடங்குகிறது. அதற்குத்தான் தமிழில் எளிதாகக் கையாளத்தக்க பெயர் வேண்டும்.

இவ்வொளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் PAR (Photosynthetically Active Radiation) என்னும் சுருக்கத்தை ஒலிபெயர்த்துப் ‘பார்’ என்று எழுதுவது பொருந்தாது; கண்ணின் பார்வையிலிருந்து பிரித்துக் காட்டவேண்டிய ஒன்றுக்குப் பார்வையையே நினைவூட்டும் பெயராக அது அமைந்துவிடுகிறது. ‘ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் கதிர்வீச்சு’ என்பது பிழையற்றது, ஆனால் அது விளக்கமே தவிரச் சொல்லன்று; அதனோடு இன்னொரு சொல்லைக் கூட்டித் தொடர் அமைப்பது கடினம். ‘பயிரொளி’ என்பது சுருக்கமும் இனிமையும் உடையது. எனினும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. தொட்டியின் கண்ணாடியிலும் இலைகளிலும் படரும் பாசியும் பச்சையம் கொண்டதே. அதே ஒளியைக் கொண்டுதான் அதுவும் வளர்கிறது. பயிருக்கென்று தனி ஒளி உண்டு, அதைக் கூட்டினால் பயிர் மட்டும் செழிக்கும் என்ற எண்ணத்தை அப்பெயர் விதைத்துவிடும். பாசித்தொல்லைகள் பலவற்றுக்குத் தொடக்கம் அந்த எண்ணமே.

எனவே ‘சேர்க்கையொளி’ என்பதை முன்வைக்கிறேன். ஒளிச்சேர்க்கை பள்ளிப்பாடத்திலேயே பழகிய சொல் என்பதால் இதன் பொருள் எளிதில் விளங்கும். செடி, பாசி இரண்டுக்கும் இது பொதுவாக நிற்கும். இதிலிருந்து பிற சொற்களையும் பெறலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் ஒளித்துகள்களை மைக்ரோமோலில் (மோலின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) கூறுவது ‘சேர்க்கையொளி அடர்வு’. விளக்கு நாள்தோறும் எரியும் நேரம் ‘ஒளிநேரம்’. இரண்டையும் பெருக்கி வருவது ‘நாள் சேர்க்கையொளி’. அடர்வு 50 மைக்ரோமோலாகவும் ஒளிநேரம் 8 மணியாகவும் இருந்தால் நாள் சேர்க்கையொளி சதுர மீட்டருக்கு 1.44 மோல், ஒளிநேரத்தை 6 மணியாகக் குறைத்தால் அது 1.08 மோலாகிவிடும்.

பாசியைக் கட்டுப்படுத்த முனைவோருக்கு இந்தக் கணக்கு நேரடியாக உதவும். புதிய தொட்டியில் செடிகள் வேரூன்றியிரா. அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களும் நிலைபெற்றிரா. அந்நிலையில் 6 மணி ஒளிநேரத்தில் தொடங்கி, புதுத்தளிர் கண்ட பிறகு சிறிது சிறிதாக 8 மணிவரை கூட்டுவதே நன்று. மேலும், கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுவதால், அடர்வைக் கூட்டும்போது அவ்வாயுவையும் கூட்டாவிட்டால் செடி கிடைக்கும் ஒளியைப் பயன்படுத்த இயலாமல் நின்றுவிடும். மிகக் குறைந்த ஊட்டத்திலும் வாழவல்ல பாசி அவ்வொளியில் முந்திக்கொள்ளும். அனுபியாஸ் போன்று மெதுவாக வளரும் செடிகளின் இலைகளில் கடும் ஒளியில் பாசி படிவதும் இதனால்தான். அவற்றை நிழலில் வைத்து, விரைந்து வளரும் தண்டுச்செடிகளைத் தொடக்கத்திலேயே நிறைய நடுவது பலன் தரும்.

‘அடர்வு’ என்பதற்கு மாற்றாகச் ‘செறிவு’ என்று கூறலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். நீரில் கரைந்த வாயுவுக்கும் உரத்துக்கும் செறிவு என்ற சொல் ஏற்கெனவே வழங்குகிறது. ‘சேர்க்கையொளி அடர்வைக் கூட்டுமுன் கரியமில வாயுவின் செறிவு லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் உள்ளதா என்று பார்க்க’ என்பது போன்ற குறிப்பில் இரண்டும் அடுத்தடுத்து வரும் என்பதால், அவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே வைத்துக்கொள்வதை நான் விரும்புகிறேன்.